படியேறும் பெண்கள்

அத்தியாயம் 11

இப்திசாம் தன் ஓர்ப்படி ஷாஹிராவோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. காரணம் சொத்தும் இல்லை, சமையலறைச் சண்டையும் இல்லை. ஒரு வகுப்பறையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எகிப்தின் ஜகாஜிக் நகரத்தில் மூன்றாம் நடுநிலை வகுப்பில் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் எந்தத் தாய்க்கும் வராது. வருட முடிவில் வரும் அரசுத் தேர்வுதான் அந்தப் பெண் மேல்நிலைக்குப் போவாளா, தொழிற்பள்ளிக்குத் தள்ளப்படுவாளா என்று தீர்மானிக்கிறது.

ஷாஹிரா அந்த வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். நாற்பது சொச்சம் பெண்கள். குவைத்தில் வளர்ந்துவிட்டு வந்து ஆங்கிலத்தில் சண்டை போடக்கூடியவர்களும் அதில் உண்டு, எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்று வருடமாகத் தலையைக் குனிந்தே காலம் தள்ளியவர்களும் உண்டு. இதற்கு முன்னால் இருந்த ஆசிரியர்கள் முன் பெஞ்சுக்குப் பாடம் எடுத்தார்கள், பின் பெஞ்சு தூங்கியது. இருவருக்கும் நிம்மதி.

ஷாஹிரா அந்த நிம்மதியைக் கெடுத்தாள். நான்கு நான்கு பேராகக் கலந்து உட்கார வைத்தாள். கேள்வி மேசைக்குப் பொது. ஆனால் பதில் சொல்லப்போவது யார் என்பதைத் தேயிலை டப்பாவிலிருந்து எடுக்கிற சீட்டுதான் சொல்லும். பெயர் வந்தவள் சொன்னால் நால்வருக்கும் மதிப்பெண், சொல்லாவிட்டால் நால்வருக்கும் இல்லை. ஆக, தெரிந்தவள் தெரியாதவளை விட்டுவிட்டு ஓட முடியாது.

இப்திசாமின் மகள் ரனீம் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுக்கு வாய்த்த மேசையில் டுக்டுக் ஆட்டோ ஓட்டுபவரின் மகள் அஸ்மா. அஸ்மா வாயைத் திறந்து ஆங்கிலம் பேசி யாரும் கேட்டதில்லை. தன் பெண்ணைக் கூலியில்லாத வாத்தியாராக்கிவிட்டாள் என்று இப்திசாம் கொதித்துப் போனாள். ஒரே கட்டடம், கீழே அவள் கணவர் ருஷ்தியின் டயர் கடை, இரண்டாம் மாடியில் அவள் வீடு, மூன்றாம் மாடியில் ஷாஹிராவின் வீடு. படியில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஷாஹிராவின் கணவர் மெத்ஹத் கணக்கு ஆசிரியர். அரசு வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, ஸ்டேஷன் ரோட்டில் டியூஷன் சென்டர் திறந்திருக்கிறார். வாசலில் ஷாஹிராவின் படத்தைப் போட்டு 'ஆங்கிலத்தின் மகாராணி' என்று ஆளுயர பேனர் கட்டினார். பள்ளியை விட்டு அங்கே வரமாட்டேன், பின் பெஞ்சுப் பெண்களால் சென்டருக்கெல்லாம் வர முடியாது என்று ஷாஹிரா பிடிவாதமாகச் சொன்னாள். பேனரை அவிழ்க்கச் சொன்னாள். மெத்ஹத் ஒரு வார்த்தை மறுக்காமல் சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்.

அவ்வளவு சுலபமாக அவிழ்த்திருக்கக் கூடாது. அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

*

புதன்கிழமை காலை. கரும்பலகையில் ஊர் வரைபடம். ஸ்டேஷன், கால்வாய்ப் பாலம், சந்தை, பள்ளி எல்லாம் இருந்தன. ஒரு மேசை வழி சொல்ல வேண்டும். மற்றவர்கள் வரைபடத்தில் விரல் வைத்து நகர்ந்து, எங்கே வந்து சேர்ந்தோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். குவைத் பெண்களுக்கு மட்டும் கூடுதல் சுமை. வழி கேட்பவர் சண்டைக்காரர், சொல்வதையெல்லாம் மறுத்துப் பேசுவார், அவரையும் சமாளிக்க வேண்டும். எழுத்துக் கூட்டுகிறவர்களுக்குச் சொற்கள் எழுதிய அட்டைகள் கையில் இருக்கும்.

டப்பாவிலிருந்து வந்த பெயர் அஸ்மா.

ரனீமின் மேசை செத்தது என்று வகுப்பு முடிவு கட்டியது. அஸ்மா எழுந்தாள். கையிலிருந்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். ஸ்டேஷனிலிருந்து வெளியே வா, பாலத்தில் ஏறாதே, சந்தைக்குள் நுழை, இடது பக்கம் திரும்பு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள். தடுக்கினாள், திருத்திக்கொண்டாள், நிற்கவில்லை. நாற்பது விரல்கள் வரைபடத்தில் அவள் பின்னாலேயே நடந்து கரும்புச்சாறு கடையில் வந்து நின்றன. கடைசியில் தானாகவே ஒன்றைச் சேர்த்தாள். அந்தக் கடைக்காரன் தண்ணீர் கலப்பான், அங்கே குடிக்காதே. வகுப்பு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

ஷாஹிராவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. போன மாதம் வரை தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் திணறிய பெண் இவள். இது வகுப்பில் மட்டும் வந்த தேர்ச்சியில்லை. வெளியே யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். யார்? அவள் ரனீமைப் பார்த்தாள். மேசை ஜெயித்த சந்தோஷத்தில் மற்ற இருவரும் குதித்துக்கொண்டிருக்க, ரனீம் மட்டும் சித்தியின் கண்ணைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மணியில் தலைமையாசிரியை அஃபாஃப் கூப்பிட்டனுப்பினார். அறைக் கதவைத் தானே எழுந்து சாத்தினார். அது நல்ல சகுனமில்லை என்று அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

கல்வி இயக்ககத்திலிருந்து போன் வந்ததாம். ஷாஹிராவின் மாணவிகள் வாரத்தில் மூன்று நாள் மாலையில் அவள் கட்டடத்துக்குப் போகிறார்களாம், அரசு ஆசிரியர்களுக்குத் தடை செய்யப்பட்ட தனிப்பாடம் ரகசியமாக நடக்கிறதாம் என்று புகார். அம்மாக்களின் போன் குழுவில் அதற்கும் மேலே போய்விட்டார்கள். டப்பாவும் சீட்டும் வெறும் நாடகம், அவள் வீட்டுக்குப் போகிற பெண்களின் பெயர்தான் வெளியே வருகிறது என்று எழுதுகிறார்கள்.

ஷாஹிரா தன் வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்றாள்.

"வர்றதைக் கண்ணால பார்த்த ஆள் இருக்காம், ஷாஹிரா. எனக்கு நீ வேணும். ஆனா என் நாற்காலியும் எனக்கு வேணும். நிரூபணம் ஆயிடுச்சுன்னா உன்னை வகுப்பு பக்கமே விடமாட்டாங்க. இயக்ககத்துக் கிடங்குல பாடப்புத்தகம் அடுக்கிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

தேர்வுக்கு இன்னும் ஒரு பருவம்கூட இல்லை. இப்போது அவளை எடுத்துவிட்டால், அடுத்து வருகிறவர் பெஞ்சுகளைப் பழையபடி வரிசையாகப் போடுவார். அஸ்மா பழையபடி தலையைக் குனிந்துகொள்வாள். வேலை போவதைவிட அதுதான் ஷாஹிராவுக்குப் பெரிதாகப் பட்டது.

*

சனி, திங்கள், புதன் மூன்று நாளும் அவள் அந்தி வரை பள்ளியிலேயே உட்கார்ந்து மறுநாளுக்கான அட்டைகளை வெட்டுவது வழக்கம். இன்று கை ஓடவில்லை. பள்ளி விட்டதுமே கிளம்பிவிட்டாள்.

வழியெல்லாம் ஒரே யோசனை. படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க இப்திசாமைத் தவிர வேறு யாருக்கு வசதி? அவள் சமையலறைக் கதவு படிக்கட்டைப் பார்த்துத்தான் திறக்கிறது. போன் குழுவில் முதலில் வாயைத் திறப்பதும் அவள்தான். மூன்று வாரம் பேசாமல் இருந்தவள் மூன்று வாரமாக என்ன செய்துகொண்டிருந்தாள்?

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இப்திசாமே நின்றிருந்தாள். கையில் பாதி ஆய்ந்த மொலுகியாக் கீரைத் தட்டு. பேசமாட்டாள் என்று நினைத்துக் கடந்துபோக ஷாஹிரா ஒதுங்கினாள்.

"இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டியே, கரீம் அம்மா. உன் பிள்ளைங்க அதுக்குள்ள வந்தாச்சு."

ஷாஹிராவின் மகன் கரீம் மன்சூராவில் எஞ்சினியரிங் படிக்கிறான். அவன் பெயரைச் சொல்லி இவ்வளவு குத்தலாக யாராலும் கூப்பிட முடியாது.

"எந்தப் பிள்ளைங்க, அக்கா?"

"மூணு வாரமா என் கதவு முன்னால செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஏறிப் போய், நீ வர்ற வரைக்கும் காத்திருக்கிற பிள்ளைங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வகுப்புல என் பொண்ணை வெச்சு ஓசியில வேலை வாங்குறே, மத்தவளுகளுக்கு வீட்டுல தனியா சொல்லித் தர்றே. என் பொண்ணை மட்டும் கூப்பிடலையே நீ."

ஷாஹிராவுக்குச் சுர்ரென்று ஏறியது. அதைப் போய் இயக்ககத்தில் சொன்னது நீங்கள்தானா என்று நேராகவே கேட்டுவிட்டாள். இப்திசாம் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். அம்மாக்கள் குழுவில் எழுதினேன், முகத்துக்கு நேராகவும் சொல்வேன், இயக்ககத்துக்கெல்லாம் போய் நிற்கிறவள் நானில்லை என்றாள். ஷாஹிரா நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

ரனீம் எங்கே என்று கேட்டாள். சிநேகிதி வீட்டில் படிக்கப் போயிருக்கிறாள், இந்த வீட்டில்தான் அவளுக்குச் சொல்லித்தர ஆளில்லையே என்று பதில் வந்தது.

அப்போதுதான் கீழே டயர் கடை வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னால் ஓர் இளைய அதிகாரி. பெரியவர் பெயர் வஜ்தி, இயக்ககத்தின் தனிப்பாடத் தடுப்புக் குழு. ஆசிரியை ஷாஹிராவின் வீடு எது, அங்கே மாணவிகள் போவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று இப்திசாமிடம்தான் கேட்டார்.

இப்திசாம் ஓர்ப்படியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பார்த்திருக்கேன். அவ வீட்டுக்குத்தான் போறாங்க. மூணாவது மாடி."

*

மூன்றாம் மாடியில் யாரும் இல்லை. எப்போதும் இந்த நேரத்தில் சோபாவில் கால்நீட்டிப் படுத்திருக்கும் மெத்ஹத்தும் இல்லை, இன்றைக்கென்று பார்த்து சென்டருக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டிருந்தார். சாப்பாட்டு மேசை நிறைய, பள்ளியில் தங்காத நாட்களில் அவள் வெட்டிய அட்டைகள் கிடந்தன. வஜ்தி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இது பள்ளிக்காக என்று ஷாஹிரா சொன்னாள். பள்ளிக்காக யார் வீட்டில் உட்கார்ந்து அட்டை வெட்டுகிறார்கள் என்று அவர் சந்தேகத்தோடு கேட்டார். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

மேலே மொட்டை மாடியிலிருந்து கொல்லென்ற சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்பிள்ளைகளின் சிரிப்பு.

நால்வரும் ஏறினார்கள். இப்திசாம் முன்னால் போனாள், ஷாஹிரா பிடிபடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடும் ஆசையில்.

புறாக்கூட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே பாய் விரித்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் பின் பெஞ்சு. பழைய அலமாரிக் கதவைச் சாய்த்து வைத்து அதில் சாக்பீஸால் ஊர் வரைபடம் போட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு புருவத்தை உயர்த்தி, அவசரமில்லை, யோசித்துச் சொல் என்று அஸ்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது ரனீம்.

ஷாஹிரா அந்தப் புருவத்தைப் பார்த்தாள். அது அவளுடையது. அந்த நிற்கிற தோரணையும் அவளுடையது. எட்டு வருடம் வாத்தியாராக இருந்து தனக்கு இப்படி ஒரு கூலி கிடைத்ததில்லை என்று நினைத்தாள். அடுத்த நொடியே பயமும் வந்தது. இதை யார் நம்புவார்கள்? சித்தி மறைந்திருந்து புருஷனின் அண்ணன் மகளை முன்னால் நிறுத்தியிருக்கிறாள் என்றுதானே எழுதுவார்கள்?

அப்படித்தான் வஜ்தியும் ஆரம்பித்தார். யார் உங்களை இங்கே வரச்சொன்னது என்று அஸ்மாவைக் கேட்டார். அவள் ரனீமைப் பார்த்தாள். ரனீம் தன் அம்மாவைப் பார்த்துச் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஷாஹிரா வாயைத் திறந்து ரனீமைக் கைகாட்டினால் தான் தப்பலாம். பெண்ணை இப்திசாம் அன்றைக்கே வீட்டில் பூட்டிவிடுவாள். ஷாஹிரா பெண்ணைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை இப்திசாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் பொண்ணு. இது எங்க மாடி," என்றாள் இப்திசாம். "இவ சித்திக்கு இது தெரியாது."

"அம்மா, கீழே நீங்கதானே சொன்னீங்க, டீச்சர் வீட்டுக்குப் போறாங்கன்னு?" என்றார் வஜ்தி.

"சொன்னேன். பார்க்காம சொன்னேன். அவ மேல இருந்த கோபத்துல சொன்னேன். எழுதிக்குங்க."

வஜ்தி எழுதிக்கொண்டார். நாளைக் காலை இயக்ககத்தில் விசாரணை என்றார். இப்திசாம் வந்து இதையே சொன்னால் பார்க்கலாம், அதுவரை ஆசிரியை வகுப்புக்குப் போகக் கூடாது. படியில் இறங்கத் திரும்பியவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"போன்ல பேசின ஆள் சரியாத்தான் சொன்னார், மொட்டை மாடின்னு. நீங்க மூணாவது மாடின்னு சொல்லி என்னைக் குழப்பிட்டீங்க."

"ஆளா? ஆம்பளையா?" என்றாள் ஷாஹிரா.

ஆண்குரல்தான் என்றார் வஜ்தி. நாள், நேரம் எல்லாம் துல்லியமாகச் சொன்னாராம், பெயர் மட்டும் சொல்லவில்லையாம்.

அவர்கள் இறங்கிப் போனதும் பெண்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். ரனீம் அழுதுகொண்டே சித்தியின் கையைப் பிடித்தாள். முதலில் மதிப்பெண்ணுக்காகத்தான் அஸ்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாளாம். அப்புறம் மற்ற பெண்களும் கேட்டார்களாம். அவளுக்கே பிடித்துப்போய்விட்டதாம். அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள் என்றுதான் மறைத்தாளாம், அம்மா சமையலறையில் இல்லாத நேரம் பார்த்துத்தான் படியேறுவாளாம்.

"சித்தப்பாவுக்குத் தெரியும், சித்தி. இந்த இடத்தைக் காட்டினதே அவர்தான். பாயும் அவர்தான் தந்தார். அம்மாகிட்டயும் உங்ககிட்டயும் இப்ப சொல்லாதே, கடைசியில சொன்னா சந்தோஷப்படுவாங்கன்னு சொன்னார்."

இப்திசாமும் ஷாஹிராவும் மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

*

மெத்ஹத் அந்திப் பொழுதில் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சாப்பாடு என்ன என்று கேட்டார். நீங்களா போன் செய்தீர்கள் என்று ஷாஹிரா கேட்டாள். அவர் மழுப்பிப் பார்த்தார். ரனீம் சொன்னதைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

"சரி, நான்தான். ஒண்ணும் ஆகாது. மிஞ்சிப்போனா கிடங்குக்கு மாத்துவாங்க. உனக்கு அது சலிச்சுப் போகும், நீயே சென்டருக்கு வருவே. நம்ம நல்லதுக்குத்தானே செஞ்சேன். நாற்பது பேருல பத்துப் பேருக்குத்தான் படிப்பு ஏறும், ஷாஹிரா. உனக்கும் தெரியும். மிச்சப் பேருக்காக நீ ஏன் சாகணும்?"

"அந்த மிச்சப் பேருல ஒருத்திக்கு இன்னைக்கு வாய் திறந்துச்சு. அவ பழகினதை நீங்களும் மாடியில நின்னு கேட்டுருப்பீங்க. கேட்டுட்டும் போன் பண்ணியிருக்கீங்க."

அவர் பதிலுக்கு ஒரு மிரட்டலை மட்டும் சிரித்தபடி சொன்னார். புகார் கொடுத்தது யார் என்று நாளை வெளியே வந்தால், விடுப்பிலிருக்கும் அரசு ஆசிரியர் சென்டர் நடத்துகிறார் என்பதும் கூடவே வெளியே வரும். என் வேலையும் போகும், சென்டருக்கும் பூட்டு விழும். நன்றாக யோசித்துக்கொள் என்றார்.

இவரோடு இருபது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. கோபத்தைவிட அந்த ஆற்றாமைதான் தாங்க முடியவில்லை. தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு ஒரு மாடி இறங்கி, இப்திசாமின் கதவைத் தட்டினாள்.

இப்திசாம் வழியை விட்டாள். சமையலறையில் உட்கார வைத்து மொலுகியாவைச் சூடு பண்ணினாள். இந்தப் படிக்கட்டில் சுவர் மெல்லிசு, மேலே பேசியது கீழே கேட்காமல் இருந்திருக்காது.

"நாளைக்கு நான் போனா, போன் பண்ணினது யாருன்னு அந்தத் தடியன் என்னைக் கேட்பான்," என்றாள் கடைசியில். "போன் பண்ணினவன் உன் புருஷன்."

"உங்க கொழுந்தனும்தான். கேட்டா சொல்லிடுங்க, அக்கா."

இப்திசாம் அடுப்பை அணைத்தாள். திரும்பி நின்று, முழங்கை வரை சட்டைக் கையை இழுத்துக் காட்டினாள். எப்போதும் அங்கே கிடக்கும் தங்க வளையல் ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவு நாளா ஏன் கையை மூடிக்கிட்டுத் திரியறேன்னு நினைச்சே? அந்த சென்டர்ல போட்டது என் வளையல். ருஷ்தி கழட்டிக் கொடுன்னார், கொடுத்தேன். அதுக்குப் பூட்டு விழுந்தா ரனீமோட கல்யாணத்துக்குன்னு நான் வெச்சிருந்தது அத்தனையும் போச்சு."

ஷாஹிரா கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இப்திசாம் எதிரே உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. காலையில என்னை எழுப்பு, நான் உன் கூட வர்றேன். அங்க என்ன சொல்வேன்னு மட்டும் இப்ப கேட்காதே. எனக்கே தெரியாது."